காசு பெட்டிக்குள் போன கதை

மேசை விளக்கு ஒன்று போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். அமெரிக்காவின் பழைய மார்கன் வெள்ளி டாலர் ஒன்றை விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்து, விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். புழக்கத்துக்கே போகாத காசு என்றால் ஒளி அதன்மேல் சும்மா கிடக்காது. வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு பட்டையாக விழும். சாய்க்கச் சாய்க்க அந்தப் பட்டை காசைச் சுற்றி ஓடும். அச்சு வந்து இறங்கிய நொடியில் வெள்ளி நசுங்கி வெளிப்பக்கம் வழிந்தபோது விழுந்த நுண்வரிகள் செய்யும் வேலை அது. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத வரிகள். நாலு கை மாறினால் மேடான இடங்களில் அவை போய்விடும். சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தலிலோ, பின்பக்கக் கழுகின் மார்பிலோ, சுற்றி வரும் ஒளி ஒரு கணம் தடுக்கி மங்கினால், அந்தக் காசு என்றோ ஒருநாள் யாருடைய சட்டைப்பையிலோ இருந்திருக்கிறது.

அடுத்துக் கன்னம். தேவியின் கன்னம் அகலமானது, வெறுமையானது, ஒளிந்துகொள்ள இடமில்லாதது. அதில் கடுகளவு ஒரு வெட்டு. அந்த வெட்டை வைத்துக்கொண்டு இந்தக் காசுக்கு 64 கொடுப்பதா, 65 கொடுப்பதா என்று ஒருவர் சில நொடிகளில் முடிவு செய்கிறார். அரிய ஆண்டுக் காசாக இருந்தால் அந்த ஒரு எண்ணுக்குள் பல ஆயிரம் டாலர் இருக்கும். முடிவானதும் எண்ணைச் சீட்டில் அச்சிட்டு, சீட்டையும் காசையும் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைத்தாலொழியத் திறக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். காசு சேர்ப்பவர்கள் அந்தப் பெட்டியை ஸ்லாப் என்கிறார்கள். அந்த வேலைக்குப் பெயர் கிரேடிங்.

காசைச் சோதித்துப் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். நோட்டம் என்ற சொல்லே நாணயம் பார்ப்பதைக் குறிப்பதுதான். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே வண்ணக்கன் என்ற பட்டம் ஒட்டியிருக்கிறது. பொன்னையும் காசையும் சோதிப்பவர் என்று அதற்குப் பொருள். ஆனால் வண்ணக்கனும் நோட்டக்காரரும் பார்த்தது உலோகத்தின் தரத்தை, எடையை; செல்லுமா, செல்லாதா என்பதை. கிரேடிங் பார்ப்பது வேறொன்று. காசு நல்ல காசுதான் என்று தெரிந்த பிறகு, அது பிறந்த நாளிலிருந்து இன்றுவரை என்னென்ன பட்டிருக்கிறது என்று கணக்கெடுப்பது.

அந்தக் கணக்குக்கு உச்சம் 70. நூற்றுக்கு இத்தனை என்று வளர்ந்த எனக்கு, முதன்முதலில் ஒரு ஸ்லாப்பைப் பார்த்தபோது இந்த எழுபது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் மனதை அரித்தது. தேடிப் போனபோது தெரிந்தது, அது மதிப்பெண்ணாகப் பிறக்கவேயில்லை. விலையாகப் பிறந்திருக்கிறது.

பிறந்த ஆண்டு 1949. பெற்றவர் வில்லியம் ஷெல்டன். நாணய வியாபாரி அல்ல. மருத்துவமும் உளவியலும் படித்தவர். மனித உடலைப் பருத்தது, திரண்டது, மெலிந்தது என்று மூன்று வகையாக்கி, ஒவ்வொருவர் உடலிலும் எந்த வகை எத்தனை பங்கு என்பதை 1 முதல் 7 வரை எண்ணிட்டவர். உடல்வாகைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். அதற்காக அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை ஆடையின்றி நிறுத்தி எடுத்த படங்கள் பின்னாளில் பெரிய சர்ச்சையாயின. பார்ப்பதையெல்லாம் எண்ணாக்கும் அந்தக் கைதான் செப்புக் காசுகள் பக்கமும் நீண்டது.

பிலடெல்பியா அக்கசாலை 1793 முதல் அடித்த பெரிய செப்பு சென்ட்டுகள் அவருடைய மோகம். அச்சுகளைக் கையாலேயே வெட்டிய காலம் அது. அதனால் ஒரே ஆண்டுக் காசிலும் கூந்தல் சுருள், இலை, எண்ணின் சாய்வு எல்லாம் அச்சுக்கு அச்சு மாறும். 1794-க்கு மட்டுமே இப்படி ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள். 1814 வரையிலான வகைகளையெல்லாம் பிரித்து 295 எண்களிட்டு ஷெல்டன் ஒரு நூல் எழுதினார். அந்த நூலில்தான் ஒரு விலைக் கணக்கும் வந்தது.

கணக்கு எளிது. தேய்ந்து தேய்ந்து, இன்ன வகை என்று அடையாளம் மட்டும் தெரிகிற காசுக்கு எண் 1. அக்கசாலையிலிருந்து விழுந்த நாளின் மெருகு குலையாத காசுக்கு எண் 70. அந்தக் காலச் சந்தையில் முன்னது ஒரு டாலருக்குப் போனால் பின்னது எழுபது டாலருக்குப் போகும் என்று அவர் கண்டிருந்தார். அதிலிருந்து வந்ததுதான் எழுபது. இடையில் இருப்பவையும் அப்படியே. ஒரு வகையின் அடிவிலை இரண்டு டாலர் என்று வையுங்கள். அதே வகையில் 20-ஆம் நிலையில் ஒரு காசு கிடைத்தால் அதற்கு நாற்பது டாலர். அடிவிலையை நிலை எண்ணால் பெருக்கினால் விலை வந்துவிடும். பேரம் பேச வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. நல்ல காசுகளின் விலை ஓடிய ஓட்டத்துக்குத் தேய்ந்த காசுகளின் விலை ஈடுகொடுக்கவில்லை; எழுபது மடங்கு என்ற விகிதம் சில ஆண்டுகளிலேயே உடைந்துபோனது. ஒரு காலத்தின், ஒரு வகைச் செப்புக் காசின் சந்தையைப் பார்த்துக் கட்டிய ஏணி அது. சந்தை நகர்ந்ததும் ஏணியும் போயிருக்க வேண்டும். ஆனால் விலை போய் எண் மட்டும் நின்றுவிட்டது. 'நல்ல நிலை', 'மிக நல்ல நிலை', 'புழங்காதது' என்று வார்த்தைகளில் திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு எண் கிடைத்தால் போதுமென்று இருந்தது. செப்புக்காக வந்த எண்ணை வெள்ளிக்கும் பொன்னுக்கும் நிக்கலுக்கும் எடுத்துப்போனார்கள்.

ஷெல்டனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெட்டகத்தில் நன்கொடையாக வந்த அருமையான பெரிய சென்ட்டுகள் இருந்தன. ஆராய்ச்சிக்கென்று அவற்றைக் கையாள ஷெல்டனுக்கு அனுமதி இருந்தது. 1977-இல் அவர் இறந்த பிறகு, சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு அதே வகையில் மட்டமான காசுகளை அந்தந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பது தெரியவந்தது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அவரிடமிருந்து கைமாறிப் போயிருந்த காசுகளுக்காகச் சங்கம் வழக்காடி வென்றது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு காசுகளில் எது மேல், எவ்வளவு மேல் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று உலகில் இல்லை. அந்த அறிவை அவர் இதற்கும் பயன்படுத்தினார் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

எண் பரவியதும் சிக்கல் உச்சியில் வந்தது. ஷெல்டனின் ஏணியில் 60-க்கு மேல் புழங்காத காசுகள். அவற்றுக்கு அவர் வைத்தது 60, 65, 70 என்று மூன்றே படிகள். புழங்காத காசுக்கு எதற்குப் படி என்று தோன்றலாம். மார்கன் டாலரின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். 1878 முதல் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட இந்தக் காசுகளில் பெரும்பகுதியை மக்கள் தொடவேயில்லை. கனம் என்று வேண்டாம் என்றார்கள். ஒவ்வொன்றும் 26.73 கிராம். ஆயிரம் காசை ஒரு கித்தான் பையில் கட்டினால் இருபத்தேழு கிலோவை எட்டும். அந்தப் பைகளைக் கருவூலங்களில் அடுக்கினார்கள், தூக்கினார்கள், எறிந்தார்கள், வேறு ஊர்களுக்கு ஏற்றினார்கள். 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியும் தீராமல் பைகள் மிஞ்சின. 1960-களின் தொடக்கத்தில் கருவூலம் அவற்றை வெளியே விட்டபோது, எந்தக் கைக்கும் போகாத காசுகள் லட்சக்கணக்கில் வந்தன. புழங்காதவைதான். ஆனால் ஒன்றின் விளிம்பு மற்றதன் கன்னத்தில் இடித்து இடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகைத் தழும்பு. 60-க்கும் 70-க்கும் நடுவே உள்ள படிகளெல்லாம் இந்தத் தழும்புகளை எண்ணப் பிறந்தவை. 1980-களின் நடுவில் பதினொரு படிகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

படி கூடக்கூடச் சண்டையும் கூடியது. காசை வாங்கும் வியாபாரியே அதன் எண்ணையும் சொல்லுவார். விற்கும்போதும் அவரே சொல்லுவார். விதவை ஒருத்தி கணவர் சேர்த்த காசுகளைக் கொண்டுவந்தால் 'லேசாகப் புழங்கியிருக்கிறதம்மா' என்று 58. மறுவாரம் அதே காசு கண்ணாடிப் பேழையில் 65 என்ற சீட்டோடு. எல்லா வியாபாரியும் அப்படியில்லை. ஆனால் அளக்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவராக இருக்கும்வரை, நேர்மையான வியாபாரியைக்கூட நம்ப முடியாத நிலைதான் இருக்கும். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சுக்கு ஐம்பது டாலரை நெருங்கிய ஏற்றத்தில் காசைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் முதலீடு என்று வந்து இறங்கினார்கள். இறக்கம் வந்தபோது, 65 என்று வாங்கியதை 60-க்கும் எடுப்பாரில்லை.

மூன்றாமவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அதற்குள் தொடங்கியிருந்தது. ஆனால் தொடங்கியது போலிகளுக்காக. 1909-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு லிங்கன் சென்ட் வெறும் 4,84,000. பிலடெல்பியாவில் அடித்த அதே சென்ட் கோடிக்கணக்கில். இரண்டுக்கும் வேறுபாடு ஆண்டுக்குக் கீழே உள்ள ஒரு சின்ன எஸ். மலிவான காசில் அந்த எழுத்தை ஒட்டிவிட்டால் அரிய காசாகிவிடும். உருப்பெருக்கியில் எழுத்தின் காலடியைப் பார்த்தால், அச்சிலேயே பிறந்த எழுத்து தகட்டிலிருந்து எழும்பியிருக்கும். ஒட்டிய எழுத்துக்கு அடியில் மயிரிழைக் கோடு தெரியும். இதைப் பார்த்துச் சொல்ல அமெரிக்க நாணயவியலார் கழகம் 1972-இல் ஒரு சான்றளிப்புச் சேவையைத் தொடங்கியது. 1979-இல் அதே சேவை காசின் நிலைக்கும் எண் தரத் தொடங்கியது. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. காசின் படம் ஒட்டிய சான்றிதழ்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழ் ஒரு கையில், காசு இன்னொரு கையில். படத்தில் இருப்பது இந்தக் காசுதானா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகு யாராவது காசைத் துடைத்திருக்கலாம், கீழே போட்டிருக்கலாம். எண் அன்றைய காசுக்கு. கையில் இருப்பது இன்றைய காசு.

இந்த இடத்தில்தான் பெட்டி வருகிறது. கலிபோர்னியாவின் டேவிட் ஹாலும் இன்னும் ஆறு வியாபாரிகளும் 1985-இல் கூடிப் பேசி, 1986 பிப்ரவரியில் பிசிஜிஎஸ் என்ற நிறுவனத்தைத் திறந்தார்கள். காசைப் பிரித்துவைத்துச் சான்றிதழ் தருவதற்குப் பதில் எண்ணையும் காசையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். பெட்டியின் இரு பாதிகளும் செவிக்கு எட்டாத ஒலி அதிர்வால் உருகி ஒட்டிக்கொள்ளும். திறந்தால் திறந்தது தெரிந்துவிடும். பெட்டிக்குப் பின்னால் ஓர் உறுதிமொழியும் இருந்தது. எண் தவறென்று தெரிந்தால் நிறுவனம் நஷ்டத்தை ஈடு செய்யும். அந்த எண்ணுக்கு, காசைக் கண்ணால் பார்க்காமலே விலை சொல்லி எடுக்கச் சில வியாபாரிகள் முன்வந்தார்கள். பார்க்காமல் வாங்குவது, துருவித் துருவிச் சந்தேகப்பட்ட அந்தத் தொழிலில் அதுவரை நினைத்தும் பார்க்காத காரியம். மறுவருடமே ஜான் அல்பனீஸ் நியூஜெர்சியில் என்ஜிசி நிறுவனத்தைத் தொடங்கினார். எண் போடுகிறவர்கள் காசு வியாபாரம் செய்யக்கூடாது என்பதைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது அது. பிசிஜிஎஸ்ஸின் முதல் பெட்டிகளில் காசு சற்றுத் தளர்வாக இருக்கும். ஆட்டினால் உள்ளே கலகலக்கும். அதனால் அவற்றுக்குக் கிலுகிலுப்பை என்று பொருள்படும் ராட்லர் என்ற பெயர் வந்தது.

இன்று ஒரு காசை அனுப்பும் முறையும் அந்த நாளில் அமைந்த எலும்புக்கூட்டில்தான் நிற்கிறது. காசின் மதிப்பையும் அவசரத்தையும் பொறுத்துக் கட்டணப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, படிவம் நிரப்பி, ஒவ்வொரு காசையும் தனித்தனி உறையில் இட்டு, காப்பீட்டோடு அனுப்ப வேண்டும். உறை பிவிசி கலந்த மென்பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது. நாளடைவில் அது காசின்மேல் பச்சைப் பிசுக்கைப் படியவைக்கும். போய்ச் சேர்ந்ததும் அனுப்பியவரின் பெயர் காசிலிருந்து பிரிந்துவிடும். எண் போடுகிறவருக்கு அது ஊரறிந்த வியாபாரியின் காசா, பள்ளி ஆசிரியரின் காசா என்று தெரியாது. இருட்டறை, ஒற்றை விளக்கு, ஒருவர் பின் ஒருவராகப் பார்வை. முன்னவர் போட்ட எண் பின்னவரைச் சாய்க்காமல் தனித்தனி முடிவு. பிறகு ஒருவர் எல்லாவற்றையும் வைத்து முடிவு சொல்கிறார். அதன்பின் சீட்டு, பெட்டி, ஒட்டு.

சிலவற்றுக்கு எண் கிடைப்பதில்லை. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு காலணா. பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்த, ஆறாம் ஜார்ஜ் முகம் போட்ட 1940-ஆம் வருடக் காசு. கறுத்துக் கிடக்கிறதே என்று பள்ளி நாளில் புளியும் சாம்பலும் போட்டு, பித்தளைக் குடம் விளக்குவதுபோல விளக்கினேன். பளபளவென்று வந்தது. பல வருடம் கழித்து மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் விளக்கடியில் சாய்த்தார். 'பாருங்க தம்பி' என்று என் பக்கம் திருப்பினார். ராஜாவின் கன்னத்தில் நூற்றுக்கணக்கான இணைகோடுகள், என் விரல் போன திசையிலேயே. நிறமும் புதுச் செம்பின் நிறமில்லை. தோலுரிந்த இடத்தின் இளஞ்சிவப்பு. புளியின் அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, கறுப்புக்கு அடியில் இருந்த காசின் மேல்தோலையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்தத் தோலில்தான் அக்கசாலை விட்ட நுண்வரிகள் இருந்தன. இப்படிக் கழுவிய காசுகளை அந்நாளில் நிறுவனங்கள் எண் போடாமல் வெறும் உறையில் திருப்பி அனுப்பும். பிணப்பை என்றே அமெரிக்கர்கள் அந்த உறையைச் சொன்னார்கள். இப்போது பெட்டியில் வைத்து, எண்ணுக்குப் பதிலாக 'கழுவப்பட்டது' என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் பழைய காசு இருப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். துலக்காதீர்கள்.

நூறு வருடம் தாண்டிய காசை நம் நாட்டிலிருந்து இந்த வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். சென்னை அக்கசாலையின் கம்பெனிக் காலக் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் நோட்டம் இங்கேயே நடக்க வேண்டியதுதான்.

பெட்டி வந்ததும் பணமும் வந்தது. எண் போட்ட காசைப் பங்குப் பத்திரம் போல வாங்கி விற்கலாம் என்று வால் ஸ்ட்ரீட் பெருநிறுவனங்கள் நிதிகள் தொடங்கின. 1989 மே மாதம் விலை உச்சிக்குப் போய், அங்கிருந்து சரிந்தது. 1990-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பிசிஜிஎஸ்மீது நடவடிக்கை எடுத்தது. எண் போடுவது முற்றிலும் புறவயமானது, மாறாதது என்பதுபோல விளம்பரம் செய்தது மிகை என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் சமரசமாகி, எச்சரிக்கை வாசகம் சேர்க்க ஒப்புக்கொண்டது. ஆணையம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். கன்னத்து வெட்டை ஒருவர் கண் மன்னிக்கும், இன்னொருவர் கண் மன்னிக்காது. இதை அறிந்தவர்கள் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து மறுபடி அனுப்புகிறார்கள். 64 ஒருமுறையேனும் 65 ஆகாதா என்று ஒரே காசை ஐந்தாறு முறை அனுப்புகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அது புதிய காசாகப் பதிவாகும். 64-இல் இத்தனை காசுகள் இருக்கின்றன என்று நிறுவனம் வெளியிடும் கணக்கும் அதனால் ஊதிப்போகிறது.

போலிகளும் விடவில்லை. காசைப் போலி செய்தவர்கள் பெட்டியையும் போலி செய்யத் தொடங்க, பெட்டிக்குள் இப்போது சில்லு வைக்கிறார்கள். கைப்பேசியைக் காட்டினால் அது பேசும். என்ஜிசியைத் தொடங்கிய அதே அல்பனீஸ் 2007-இல் இன்னொரு நிறுவனம் தொடங்கினார். அதன் வேலை, மற்றவர்கள் எண் போட்டுப் பெட்டியில் வைத்த காசை மீண்டும் பார்த்து, அந்த எண்ணுக்கு முழுத் தகுதி இருந்தால் பெட்டியின்மேல் பச்சை ஒட்டி ஒன்று ஒட்டுவது.

1986 முதல் 1989 வரையிலான ராட்லர்களுக்கு இன்று தனி மவுசு. அந்த நாளில் எண் போட்டவர்கள் கை இறுக்கமாக இருந்தது என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. அன்றைய 64 இன்றைக்கு 65 ஆகலாம். ஆனால் அதைச் சோதிக்கப் பெட்டியை உடைக்க வேண்டும், உடைத்தால் ராட்லர் போய்விடும். அதனால் ராட்லர் கையில் கிடைத்தவர் குறடை எடுப்பதில்லை. பெட்டியைக் காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டுகிறார். உள்ளே வெள்ளி கலகலக்கிறது.